லட்சியம் இல்லாதவளின் கணக்கு

ஓர் இணையச் சேனலில் நான் பேசிய உரையாடலிலிருந்து வெட்டிப் பரப்பிய அந்த வீடியோத் துண்டைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள், மீதிப் பேருக்கு யாராவது அனுப்பி வைத்துவிட்டார்கள். நேற்றுக் காலையில் என் சித்தப்பாவும் அனுப்பி, "நீதானா இது?" என்று கேட்டார். நானேதான், இணையத்தில் பொம்மை பின்னும் பேட்டர்ன், அதாவது செய்முறைக் குறிப்பு, விற்பவள். "விளம்பரங்களை நிறுத்திவிட்டேன், இந்த அளவு எனக்குப் போதும்" என்று நான் சொல்கிறேன். நெறியாளர் நெற்றியில் கை வைத்துச் சிரிக்கிறார். "மேடம், இதற்குப் பெயர் தொழில் இல்லை, கைச்செலவுக் காசு" என்கிறார். கீழே, லட்சியம் இல்லாதவர்கள் தோற்பது இப்படித்தான் என்று மஞ்சள் எழுத்து ஓடுகிறது. பின்னணியில் சோக வயலின் வேறு. யாரோ உட்கார்ந்து தேடிப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன்.

துண்டில் வராத ஒன்று உண்டு. அந்த வாக்கியத்துக்கு முன்னால் வெகுநேரம் நான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுவதும் வெட்டப்பட்டுவிட்டது. கணக்குக்கு வயலின் ஒத்துவராது போலிருக்கிறது.

எனவே இங்கே சொல்கிறேன். இணையத்தில் விற்பவர்கள் பெருமையாகப் போடும் ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது மொத்த விற்பனை. அதிலிருந்து விளம்பரச் செலவு போகும். பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம் போகும். திருப்பிக் கொடுத்த தொகை, மென்பொருள்களுக்கான சந்தா, உதவியாளரின் சம்பளம், வரி எல்லாம் போகும். போன பிறகு மிஞ்சுவதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை. விளம்பரமோ ஏலம். ஒரே ஆளின் கண்ணுக்கு முன்னால் நிற்க ஆயிரம் பேர் விலை கேட்கிறார்கள். என் கரடி பேட்டர்னை விரும்பக்கூடியவர்கள் முதலில் மலிவாகக் கிடைத்துவிடுவார்கள். அவர்கள் தீர்ந்ததும், குரோஷே என்னும் கொக்கிப் பின்னலின் ஊசியையே பார்த்திராதவர்களிடம் போய் நிற்க வேண்டும், அவர்களில் ஒருவரை வாங்க வைக்க ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். என் விற்பனை இரண்டு மடங்கான காலத்தில் கையில் நின்ற பணம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. வேலை மட்டும் சொன்னபடி இரண்டு மடங்கானது. கணக்கைப் பார்த்தேன், நிறுத்தினேன். இதையே ஓர் ஆண் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்லியிருந்தால் 'லாப விகிதத்தில் கவனம் செலுத்தும் தலைமை' என்று தலைப்பு வைத்திருப்பார்கள்.

போதும் என்று ஓர் எல்லை வகுப்பது தொழில் முடிவு. மறுபடியும் சொல்கிறேன், தொழில் முடிவு.

நான் விற்பது என்னவென்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பொம்மைகளை நான் விற்பதில்லை. பொம்மை பின்னுவதற்கான பேட்டர்னை, பி.டி.எஃப். கோப்பாக விற்கிறேன். "ஒருமுறை எழுதிவிட்டால் தூங்கும்போதும் பணம் வருமே!" என்பார்கள். பணம் வரும்தான். கூடவே மின்னஞ்சலும் வரும். "ஒன்பதாவது சுற்றில் 54 கண்ணி என்று போட்டிருக்கிறீர்கள், எனக்கு 48தான் வருகிறது, உங்கள் பேட்டர்ன் தவறு." கரடியின் தலை ஆறு கண்ணியில், அதாவது ஆறு பின்னல் வளையத்தில் தொடங்கும், சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூடும். ஆக, 48 என்றால் அவர் ஒரு சுற்றை முழுதாக விட்டிருக்கிறார். புகைப்படம் அனுப்பச் சொல்லி, அதைப் பெரிதாக்கி, சுற்றுகளை எண்ணி, "எட்டிலேயே நிற்கிறீர்கள், இன்னும் ஒன்று பின்னுங்கள்" என்று எழுதினால் போதும். அடுத்த நாள் கரடி வந்து சேரும். ஒரு காது மேலே, ஒரு காது கீழே. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இதுதான்.

விளம்பரம் ஓடிய மாதங்களில் அந்த மின்னஞ்சல்களுக்கு இயந்திரம் பதில் சொன்னது. 'உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம்.' நானோ இரவில் விளம்பரக் கணக்கின் வரைபடத்தை ஏற்றமா இறக்கமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி பிடித்துப் பிடித்து நடுவிரலின் ஓரத்தில் எனக்கு ஒரு காய்ப்பு உண்டு. ஒரு நாள் கை கழுவும்போது பார்த்தேன், அது மெத்தென்று கரைந்திருந்தது. பேட்டர்ன் விற்கிறவள் பின்னுவதை விட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நெறியாளர் அவர்களின் அகராதியில் இதற்குப் பெயர் வளர்ச்சி.

இனி, வரப்போகும் பின்னூட்டங்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"பணத்தால் மகிழ்ச்சி கூடும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதே." சொல்கிறது. முழுதாகப் படித்துவிட்டுப் பேசுவோமா? 2010இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களின் பதில்களை ஆராய்ந்து, ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று எழுதினார்கள். பத்து வருடம் எல்லாரும் அதையே மேற்கோள் காட்டினோம். 2021இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் கைப்பேசி வழியாக மக்களை அவ்வப்போது "இந்த நிமிடம் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, அப்படி ஒரு மேல்வரம்பே இல்லை, கூடிக்கொண்டே போகிறது என்றார். சண்டை போடாமல் கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் இன்னோர் ஆய்வாளரான பார்பரா மெல்லர்ஸை நடுவில் வைத்துக்கொண்டு சேர்ந்தே ஆராய்ந்தார்கள். (இணையத்தில் கருத்து வேறுபடுபவர்கள் துண்டு வெட்டிப் போடாமல் இப்படியும் செய்யலாம் என்பது கூடுதல் தகவல்.) 2023இல் வந்த முடிவு: பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. மிகவும் துயரத்தில் இருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓரளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை.

பார்த்தீர்களா, உங்கள் பக்கத்துச் செய்தியை நானே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கூடுதல் எப்படிப்பட்டது? மடங்குக் கணக்கில் வருவது. முதல்முறை வருமானம் இரட்டிப்பானபோது கிடைத்த அதே அளவு கூடுதல் மறுபடி கிடைக்க, இன்னொரு முறை முழுதாக இரட்டிப்பாக வேண்டும். அடுத்தது அதற்கும் இரு மடங்கு. படி ஒரே உயரம்தான், ஏறும் தூரம் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது. இன்னொன்றும் கில்லிங்ஸ்வொர்த் சொல்கிறார். பணம் மகிழ்ச்சி தருவதில் பெரும்பங்கு, நம் வாழ்க்கை நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு வழியாக வருகிறதாம். என் வழக்கே அதுதானே! என் நாளின் கடிவாளத்தை விளம்பர ஏலத்திடமும் ஏதோ ஒரு தளத்தின் அல்காரிதத்திடமும் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தால் எந்தக் கடிவாளத்தை வாங்குவது?

"இளமையில் ஓடாமல் எப்போது ஓடுவது?" ஓடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடுங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததால் 2016இல் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. 'தூக்கம் தோற்பவர்களுக்கு' என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்பவர்களுக்கு இதை அனுப்பினால், "நெகட்டிவாகப் பேசாதீர்கள்" என்று பதில் வருகிறது.

"எல்லாரும் உங்களைப் போல நினைத்தால் வேலைவாய்ப்பு எப்படி உருவாகும்?" எல்லாரும் என்னைப் போல நினைக்கப் போவதில்லை. கவலை வேண்டாம்.

"சாப்பாட்டுக்குக் கவலை இல்லாதவர்தானே போதும் என்று சொல்ல முடியும்?" இது நியாயமான கேள்வி. கடனில் நிற்பவரிடம் போய் 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று சொல்பவரை நானே இரண்டு வார்த்தை கேட்பேன். வாடகைக்குத் திண்டாடுபவரிடம் நான் நிறுத்தச் சொல்லவில்லை. யாரிடமும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு என்று சொன்னேன். அந்த 'எனக்கு' துண்டிலேயே காதில் விழுகிறது.

உண்மையில் என்னை எரிச்சலூட்டுவது இந்த வாதங்கள் எதுவும் இல்லை. அந்தக் 'கைச்செலவுக் காசு'தான். அன்றைய உரையாடலில் இருந்த இன்னொருவர் மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடியவர். அவருக்கு 'விடாமுயற்சி' என்று கைதட்டல். தப்பில்லை, நானும்தான் தட்டினேன். வீட்டு வாடகையையும் மகளின் படிப்புச் செலவையும் அப்பாவின் மருந்துச் செலவையும் வருடக்கணக்காகச் சுமக்கும் என் தொழில் மட்டும் எப்படிக் கைச்செலவு ஆனது? நூலும் ஊசியும் என்பதாலா? வீட்டிலிருந்து செய்வதாலா? பெண் செய்கிற வேலை பெரிதாகும்வரை பொழுதுபோக்கு, பெரிதானால் "வீட்டுக்காரர் உதவியிருப்பார்". நடுவில் ஒரு நிலையத்தில்கூட வண்டி நிற்பதில்லை.

நெறியாளர் தெரியாதவராக இருந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். அவர் சேனல் தொடங்கியபோது யாரும் வர மறுத்த காலத்தில் போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. துண்டு பரவிய இரவில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மன்னிப்பு என்று நினைத்துத்தான் திறந்தேன். "தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் மேடம். பார்வைகள் மிக நன்றாக வருகின்றன, உங்களுக்கும் இலவச விளம்பரம்தானே" என்று இருந்தது. விளம்பரத்தை நிறுத்தியவளுக்கு இலவச விளம்பரம்! இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். சிரிப்பு வரவில்லை. மகள் வந்து "என்னம்மா?" என்று கேட்டபோது, ஒன்றுமில்லை, கண்ணி எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் லட்சியம் இருக்கிறது, கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னலே தெரியாத ஒருவர், யாரையும் கேட்காமல், என் பேட்டர்னை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கரடியை முழுதாகப் பின்னி முடிக்க வேண்டும், இரண்டு காதும் ஒரே உயரத்தில். அந்த ஒரு பக்கத்தை எத்தனை விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், இன்னும் சரியாக வரவில்லை. இதைக் கேட்டால் நெறியாளர் மறுபடி நெற்றியில் கை வைப்பார். வைக்கட்டும்.

முழு உரையாடலும் அவர் சேனலில்தான் இருக்கிறது. பொறுமை இருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து இங்கே என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், பதில் சொல்கிறேன். துண்டை மட்டும் பார்த்தவர்களோடு பேசுவதாக இல்லை. அவரை யாரும் திட்ட வேண்டாம், திட்டினால் அதையும் வெட்டிப் போட்டுவிடுவார். புதிய முயல் பேட்டர்ன் எப்போது என்று கேட்டிருப்பவர்களுக்கு: வால் இன்னும் சரியாக நிற்கவில்லை, நின்றதும் சொல்கிறேன்.