இருப்புக்கொள்ளாமைக்கு ஒரே மருந்து கிடையாது

"குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாதே, ஒரு இடத்துல உட்கார்" என்று சொல்வது சுலபம். யாருக்கு எதனால் இருப்புக் கொள்ளவில்லை என்று பார்க்காமல் சொன்னால், அதுவே சிலருக்குத் தண்டனை. படபடப்பு, தவிப்பு, பரபரப்பு, அலுப்பு என்று தனித்தனிச் சொற்களை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் "மூச்சை இழுத்து விடு, தியானம் பண்ணு" என்று ஒரே மருந்தை நீட்டுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

முதலில் கால். பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. இரவு படுத்த கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிறது, இழுக்கிறது. வலி என்றும் சொல்ல முடியவில்லை. எழுந்து நடந்தால் போய்விடும், படுத்தால் திரும்ப வரும். 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' என்கிற கால் தவிப்பு இது. (தசை கல்லாக இறுகி உயிர்போக வலித்தால் அது வெறும் பிடிப்பு, இதுவல்ல.) 1672-லேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதைக் குறித்துவைத்தார். 1945-இல் ஸ்வீடன் மருத்துவர் எக்போம் விரிவாக எழுதினார். இன்றும் பலர் இதை மனப்பிரமை என்றே ஒதுக்குகிறார்கள்.

பலருக்குக் காரணம் மூளையில் இரும்புச்சத்து போதாததுதான். "ஹீமோகுளோபின் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவதில்தான் கோட்டை விடுகிறோம். பார்க்க வேண்டியது ஃபெரிட்டின், அதாவது உடலில் சேமிப்பில் உள்ள இரும்பின் அளவு. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தாலும் பரிசோதனைத் தாளில் பெரும்பாலும் 'நார்மல்' என்றே வரும். ஆனால் இந்தத் தொல்லை உள்ள பெரியவர்களுக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கலாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது இந்த எண் பொய்யாக ஏறும், அப்போது எடுக்காதீர்கள். மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். பரிசோதிக்காமல் நாமாகவே வாங்கிப் போடவும் கூடாது, உடலில் இரும்பு மிகுந்துபோவதும் ஆபத்து. இன்னொரு கொடுமை: தூக்கம் வரட்டும் என்று சளி, அலர்ஜி மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே கால் தவிப்பைக் கூட்டிவிடும்.

அடுத்தது இதைவிட மோசம். அகதீசியா. மனநோய் மருந்துகள் சிலவும், வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இதை வரவழைக்கும். கால் மட்டுமல்ல, ஆள் முழுக்கத் தவிப்பான். நிற்கச் சொன்னால் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டே நிற்பான், உட்காரச் சொன்னால் எழுவான். பார்ப்பவர்கள் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அதே மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். தவிப்பும் கூடும். தாங்காமல் உயிரை விடத் துணிகிறவர்களும் உண்டு. புது மருந்தோ கூட்டிய அளவோ தொடங்கிய சில நாட்களில் இப்படி வந்தால், மருந்தைத் திடீரென்று நிறுத்தாமல், அன்றைக்கே மருத்துவரிடம் "மருந்துக்குப் பிறகுதான் இது வந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், அவர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார்.

இந்த இரண்டிலும் "அசையாமல் உட்கார்" என்பது விஷம். அதுவே மருந்தாகிற இடமும் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியஸ் அந்த அலுப்பை அப்படியே படம்பிடித்திருக்கிறார்: நடுப்பகலில் துறவிக்குப் பொழுது 50 மணி நேரமாக நீள்கிறது. சூரியன் நகர்ந்ததா என்று ஓயாமல் வெளியே எட்டிப் பார்க்கிறார். இருக்கிற இடம் கசக்கிறது, கைவேலை கசக்கிறது, வேறெங்காவது போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. போனை வைத்த மறுநொடி திரும்ப எடுக்கிற கையும் இதே கைதான். எழுந்து போகாதே, அறையிலேயே இரு என்பது அவர் சொன்ன வழி. இந்த வகைக்கு அது சரி.

ஆனால் அது லேசில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களை 15 நிமிடம் தனி அறையில் சும்மா உட்காரவைத்தார்கள். பக்கத்தில் மின் அதிர்ச்சிப் பொத்தான் மட்டும். அந்த அதிர்ச்சி வேண்டாம், காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று முன்பே சொன்னவர்களில் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் தாங்களே அதை அழுத்திக்கொண்டார்கள்.

பௌத்தர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். காற்றில் அலையடிக்கும் நீர் போன்ற மனம் என்றார்கள். அலைபாய்வதையும், செய்ததையும் செய்யாததையும் எண்ணிக் குமைவதையும் இரண்டு தனிச்சொற்களாக்கி, ஒன்றாகச் சேர்த்தே வைத்தார்கள். குமைச்சலுக்கு உட்கார்ந்தால் மட்டும் போதாது என்பேன். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், பாதியில் நிற்கிற வேலையை முடிக்க வேண்டும்.

எல்லாத் தவிப்பும் கோளாறும் அல்ல. வலசைப் பறவையைக் கூண்டில் அடைத்தாலும் பருவம் வந்ததும் இரவெல்லாம் படபடக்கும், பெரும்பாலும் போக வேண்டிய திசையைப் பார்த்தே.

கடைசியாக, தன் வேதனையை வாய்விட்டுச் சொல்ல முடியாத முதியவர்கள். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று போர்வையைப் பிய்த்து, கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தால், அது பிடிவாதம் அல்ல. சிறுநீர் அடைத்திருக்கலாம், மலம் கட்டியிருக்கலாம், எங்கோ வலிக்கலாம், தொற்று வந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியது அது. அவரைக் கட்டிப்போடக் கயிறு தேடுவதற்கு முன், அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.