ஒரு கையெழுத்துதானே?

நேற்று அரங்கில் இருந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மற்றவர்களுக்கு: மன்னர் கேட்ட சத்தியத்தை மறுத்து உயிரை விட்ட ஓர் ஆயரைப் பற்றிய பேச்சு அது. "ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாமே அந்தக் கிழவர்" என்றார் பேச்சாளர். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து மறுத்த என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

அந்தக் கிழவர் ஜான் ஃபிஷர். 1504 முதல் இங்கிலாந்தில் ரோச்செஸ்டர் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க ஆயர் (பிஷப்). வருமானம் குறைந்த மறைமாவட்டம், ஆனாலும் கடைசிவரை அதை விட்டுப் போகவில்லை. மன்னர் எட்டாம் ஹென்றி தன் மனைவி கேத்தரினைத் தள்ளிவைக்கப் பார்த்தபோது, 1529இல் விசாரணை மன்றத்திலேயே எழுந்து அந்தத் திருமணம் செல்லும் என்றார். 1534இல் வாரிசுரிமைச் சத்தியம் வந்தது. ஹென்றி புதிதாக மணந்த ஆன் போலினின் பிள்ளை அரியணைக்கு வாரிசு என்பதைக்கூட ஏற்கத் தயாராக இருந்தார். கேத்தரினுடனான திருமணம் செல்லாது, போப்புக்கு அதிகாரம் இல்லை என்று கூடவே சேர்த்திருந்த மற்ற வாசகங்களைத்தான் மறுத்தார். இதுவா பிடிவாதம்?

லண்டன் கோபுரச் சிறையிலிருந்து அந்த டிசம்பரில் மன்னரின் முதன்மை அமைச்சர் கிராம்வெல்லுக்குக் கடிதம் எழுதுகிறார். போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை, இருக்கும் துணியும் கந்தல். கிறிஸ்துமஸ் வருகிறது, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க ஒரு குருவை அனுப்புங்கள் என்கிறார். 1535 ஜூன் 22இல் தலையை வெட்டினார்கள். ஒரு கையெழுத்துதானே!

"கேத்தரினின் மருமகனான பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் படையெடுத்து வரச்சொல்லித் தூது விட்டவர் ஆயிற்றே" என்பீர்கள். விட்டார். நாலா பக்கமும் கதவை அடைத்தால் மனிதன் ஜன்னலைத்தான் தட்டுவான். "போப்பை எதிர்த்த மார்ட்டின் லூத்தர் பக்கம் போனவர்களிடம் அவர் இரக்கம் காட்டினாரா?" சரி, அது எனக்கும் தொண்டையில் முள்தான். அதற்காக அவர் கழுத்தைக் கேலி செய்யலாமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். முன்பு வேலை பார்த்த இடத்தில், நடக்காத ஆய்வை நடந்ததாக எழுதிய ஒரு தாள் மேசை மேசையாக வந்தது. பதினோரு பேர் போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவது இடத்தில் பென்சிலால் என் பெயர். போடவில்லை. யாரும் சண்டை போடவில்லை. டீக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஒன்றரை வருடம் தனியாக டீ குடித்தேன். என்னைப் புனிதர் என்று சொல்லவரவில்லை, உடனே கிளம்பி வராதீர்கள்.

நேற்று ராத்திரி மூன்று பேர் போன் செய்து, "நீங்க சொன்னதுதான் சரி" என்றார்கள். மூவரும் அரங்கில் என் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.