மின்சார காருக்கு மட்டுமா மானியம்?

"பெட்ரோல், டீசலுக்கு அரசு ஒரு பைசா மானியம் தந்ததில்லை. நம் வரிப்பணம் ஊட்டிக்கு மின்சார காரில் வரும் பணக்காரருக்குத்தான் போகிறது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது 2010-இல், டீசலுக்கு 2014-இல். அதற்கு முன்பு அடக்க விலைக்கும் கீழே விற்ற நஷ்டத்தை ஈடுகட்ட, அரசு எண்ணெய் நிறுவனங்களுக்குக் கடன் பத்திரங்களைக் கொடுத்தது. 2014-இல் அந்தப் பாக்கி மட்டும் சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய். வட்டியும் அசலும் நம் வரிப்பணம்தான். கோத்தகிரியில் ரேஷன் கடை வரிசையில் நீலக் கேனோடு நின்று அம்மா வாங்கி வந்த மண்ணெண்ணெயும் மானியத்தில் வந்ததே. 2022-இல் சமையல் கேஸ் நஷ்டத்துக்காக 22,000 கோடி கொடுத்தார்கள். அது ஏழை வீட்டு அடுப்புக்கும் போனது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் மின்சார கார். மின்சார வண்டிகளை ஊக்குவிக்க மத்திய அரசு கொண்டுவந்த ஃபேம் திட்டத்தின், 2019-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் கார்களுக்கான மானியம் வாடகை வண்டிகளுக்குத்தான். சொந்தக் காருக்குக் கிடையாது. அடுத்து வந்த 10,900 கோடி பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் சொந்தக் காருக்கு மானியம் இல்லை. சொந்தக் கார் வாங்குபவருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பது சலுகைதான், ஒப்புக்கொள்கிறேன். இன்று பெட்ரோல் மீது வரி அதிகம் என்பதும் உண்மை.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது மின்சார வண்டியின் பேட்டரி கொஞ்சம் ஏறவே செய்யும். டீசல் வண்டியில் பிரேக் சூடாகும் வாடைதான் வரும். நம் மலைக்கு எது நல்லது என்று பேசலாம், சரியான கணக்கை வைத்துக்கொண்டு.