மின்கம்பிக்குக் கீழே மரம் ஏன் பட்டுப்போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் சாட்ஸ்வர்த்தோ ஃபீனிக்ஸோ டொங்காட்டோ, எந்த ஊரானாலும் கம்பிக்குக் கீழே நின்ற மாமரம் பட்டுப்போனால் தெருவே ஒரே காரணத்தைத்தான் சொல்லும்: "கரண்டுக் கம்பியின் சூடு மரத்தைக் கொன்றுவிட்டது." இந்தப் பேச்சு தவறு. அதைவிட மோசம், மரத்தை உண்மையில் சாகடித்தவர்களை இது தப்பவிடுகிறது.

டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களைப் பாருங்கள். உயர் அழுத்தக் கம்பிக்கு நேர் கீழே நிற்கும் கரும்பும் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கரும்பும் ஒரே உயரம், ஒரே பச்சை. கம்பியின் மின்புலம் செடியைக் கொல்லுமென்றால் முதலில் கரும்பு அல்லவா கருகியிருக்க வேண்டும்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். மிக உயர் அழுத்தக் கம்பியை நெருங்கி வளரும் மரத்தில், கூரான இலை நுனிகளில் மின்புலம் குவிந்து, சுற்றியுள்ள காற்று அயனியாகி, நுனி கருகும். கொழுந்து அதற்குமேல் ஏறாது. மரம் அதனால் சாவதில்லை.

கிளை கம்பியைத் தொட்டால் கதை வேறு. நம் தெருக்களில் ஓடும் 11 கிலோவோல்ட், 22 கிலோவோல்ட் கம்பிகள் பெரும்பாலும் உறையில்லாத வெறுங்கம்பிகள். பச்சைக் கிளையில் நீர் இருப்பதால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கும். ஆனால் மரத்தின் தடை அதிகம், ஓடும் மின்னோட்டம் கொஞ்சம். ஃப்யூஸ் அதை உணராது. மணிக்கணக்கில் கசிந்து, பட்டைக்கடியில் நீர் ஆவியாகி, கரிந்த தடம் ஒன்று உருவாகும். கரி நல்ல கடத்தி. அதற்கப்புறம்தான் பொறி பறக்கும், தீ பிடிக்கும். இப்படிச் சாகும் மரங்களும் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் குறைவு.

அதிகம் சாவது மரம் அறுக்கும் வாளால். கம்பிக்குக் கீழே வரும் ஒப்பந்த ஆட்கள் மரத்தின் உச்சியை மேசைபோல் தட்டையாக அறுத்துவிட்டு, பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏறிப் போய்விடுவார்கள். இலைதான் மரத்துக்குச் சமையலறை. அதை மொத்தமாக எடுத்துவிட்டால் வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் மரம் துளிர்விட வேண்டும். துளிர்க்கும்; ஒரே பருவத்தில் நேர்குச்சிகளாக இரண்டு மூன்று மீட்டர்கூடப் பாயும். அந்தக் குச்சிகள் பட்டைக்கு அடியிலிருந்து மேலோட்டமாகக் கிளம்பியவை. உறுதியான பிடிப்பு கிடையாது, காற்றில் முறியும். மறுபடி கம்பியைத் தொட்டதும் மறுபடி வெட்டு. நாலைந்து சுற்றில் சேமிப்பு தீர்ந்துவிடும். தட்டையான வெட்டுவாயில் மழைநீர் தேங்கி அழுகல் தண்டுக்குள் இறங்கும். பிறகு "கரண்டு கொன்றது" என்று பெயர்.

முறையாக வெட்டுவது ஒன்றும் ரகசியமில்லை. கம்பியை நோக்கிப் போகும் கிளையை மட்டும் தேர்ந்தெடுத்து, அது பிரியும் இடம்வரை போய் எடுக்க வேண்டும். பாதியில் நறுக்கினால் துளிர்க்கூட்டம்தான் கிடைக்கும். கிளையைக் குறைக்க வேண்டுமென்றால், மீதமிருக்கும் பக்கக்கிளை வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். கனமான கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும். கடைசியாக, கிளை தண்டோடு சேருமிடத்தில் வீங்கினாற்போல் தெரியும் வளையத்தை ஒட்டி, வளையத்தைத் தொடாமல். முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை சரியும்போது பட்டையைத் தண்டுவரை கிழித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். அது ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலுக்குத்தான் உதவும்.

பெயிண்ட் தேவைப்படும் இடம் வேறு. அவகாடோ, மா இரண்டுக்கும் பட்டை மெல்லியது. நிழலிலேயே இருந்த தண்டு திடீரென்று வெயிலுக்கு வந்தால் பட்டை வெந்து உரியும். தண்ணீரில் கரையும் வெள்ளைச் சுவர்ப் பெயிண்டில் பாதிக்குப் பாதி நீர் கலந்து, வெளிப்பட்ட தண்டுக்கும் தடித்த கிளைகளுக்கும் பூசிவிடுங்கள்.

பனை, தென்னை வகைகளுக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. தலையை வெட்டினால் அவ்வளவுதான். அவற்றைக் கத்தரித்து வைத்திருக்கலாம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒன்று தோண்டி வேறிடத்தில் நடுங்கள், இல்லையேல் முழுதாக எடுத்துவிடுங்கள்.

அடுத்த கொலையாளி மருந்து. வெட்டிய அடிக்கட்டை துளிர்க்காமலிருக்கக் களைக்கொல்லி தடவுவது அவசியம். வாட்டில் (ஆஸ்திரேலிய அகாசியா), யூகலிப்டஸ், சிரிங்கா (வேம்பைப் போன்ற அயல்மரம்) மூன்றும் சும்மா வெட்டினால் ஒன்றுக்கு நாலாகக் கிளம்பும். ஆனால் எந்த மருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிரைக்ளோபைர் அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும், கம்பித்தடத்துக்கு, அதாவது கம்பிக்காக ஒதுக்கிய நிலத்துக்கு, தோதானது. கிளைஃபோசேட் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் இலையில் பட்டால் புல்லும் போகும். இமாசபைர் இருக்கிறதே, அது மண்ணில் மாதக்கணக்கில் தங்கி நீரோடு நகரும், வேர் வழியே ஏறும். உங்கள் வேலிக்குள் நிற்கும் லிச்சியின் வேர் அதன் கிளைப்பரப்பைத் தாண்டி வெளியே போயிருக்கும் என்பதை மருந்தடிப்பவர் யோசிப்பதில்லை. ஒரே இன மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டி வளர்ந்திருந்தால், வெட்டிய மரத்தின் மருந்து நிற்கும் மரத்துக்கும் போகும். தடத்துக்கு வெளியே, யாரும் தொடாத மரம் இரண்டு மாதம் கழித்து வாடுவதன் மர்மம் பல இடங்களில் இதுதான். என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மருந்து தடவுவதற்கும் முறை உண்டு. தரையிலிருந்து 10, 15 செ.மீ.க்கு மேல் விடாமல் அறுத்து, மரத்தூளைத் துடைத்து, சாறு காயுமுன் சில நிமிடங்களுக்குள் தடவ வேண்டும். தடித்த கட்டையில் பட்டைக்கு உட்புற வளையத்தில் மட்டும் போதும். நடுவைரம் ஏற்கெனவே செத்த கட்டை, அங்கே ஊற்றுவது வீண். நீலச் சாயம் கலந்தால் எது தடவியது, எது விட்டது என்று தெரியும்.

பட்டையை வளையமாக உரித்து நின்றபடியே சாகவிடும் முறையைக் கம்பிக்குப் பக்கத்தில் ஒருபோதும் செய்யக்கூடாது. நிற்கும் செத்த மரம் என்றைக்காவது சாயும். 132 கிலோவோல்ட் தடத்துக்கு வழக்கமாக 31 மீட்டர் அகலம், 400 கிலோவோல்ட்டுக்கு 55 மீட்டர், 765 கிலோவோல்ட்டுக்கு 80 மீட்டர் விடுகிறார்கள். ஆனால் தடத்துக்கு வெளியே நிற்கும் 30 மீட்டர் யூகலிப்டஸுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. புதிதாகத் தடம் திறந்த இடங்களில் ஓரத்து மரங்கள் அதுவரை காற்றே படாமல் வளர்ந்தவை. முதல் பெருங்காற்றில் வேரோடு சாய்வது அவைதான்.

கம்பியும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. 300 மீட்டர் இடைவெளியில் கம்பியின் வெப்பம் 40 டிகிரி கூடினால் தொய்வு ஒரு மீட்டருக்கு மேல் அதிகமாகும். குளிர்காலக் காலையில் பார்த்து "நிறைய இடமிருக்கிறது" என்று சொல்வது ஏமாற்று. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஓஹாயோவில் தொய்ந்த 345 கிலோவோல்ட் கம்பிகள் மரங்களைத் தொட்டதும், அந்த வட்டாரத்திலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் கிடந்ததற்கு ஒரு காரணம்.

டர்பன் இருக்கும் நட்டால் பகுதியின் தலைவலி கரும்புத் தீ. அறுவடைக்கு முன் சோகையை எரிக்கும்போது சுடரின் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி கால்பங்காகக்கூடக் குறையும். அடர்த்தி குறைந்தால் காப்புத்திறனும் குறையும். சாம்பலும் கரியும் சேர்ந்தால் கம்பியிலிருந்து தரைக்கு மின்சாரம் தாவிவிடும். கரும்பு கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. கம்பித்தடத்துக் கரும்பை மட்டும் எரிக்காமல் பச்சையாக வெட்டுவதுதான் சரியான தீர்வு. கூலி அதிகம் என்று தோட்டக்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தாவும் நேரத்தில் கீழே நிற்பவர் கூலியாள், முதலாளி இல்லை.

இத்தனைக்கும் பயந்து தடத்தை மொட்டையடிப்பதும் தீர்வில்லை. வெறும் மண்ணில் முதலில் முளைப்பது லாண்டானாவும் வாட்டிலும்தான்; வாட்டில் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் முளைப்பு இன்னும் பலமாகும். உயரும் இனங்களை மட்டும் களைந்து, புல்லும் குறுஞ்செடியும் அடர்ந்து மூடும்படி விட்டால் அவையே மரக்கன்றை எழவிடாது. பென்சில்வேனியாவில் 1950களிலிருந்து தொடர்ந்து கவனித்துச் சொல்லப்பட்ட விஷயம் இது. மில்க்வுட் மாதிரி பாதுகாக்கப்பட்ட மரங்களைத் தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது, மின்துறையும் சேர்த்துத்தான்.

வீட்டுக் கம்பிக்குக் கீழே மா, பலா, அவகாடோ வைக்காதீர்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, செம்பருத்தி வையுங்கள். முருங்கை வைக்கலாம், வருடா வருடம் தலை வெட்டுவதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும் மரம் அது. அம்மனுக்கு வேப்பிலை என்று இங்கே பலரும் ஒடிக்கும் சிரிங்கா அயல் ஆக்கிரமிப்புப் பட்டியலில் இருப்பது, கிளையும் பொருபொருவென்று முறியும். கோவிலுக்கு வேண்டுமென்றாலும் கம்பியை விட்டுத் தள்ளி நிற்கட்டும்.

வெட்டிய விறகை வேறு ஊருக்கு ஏற்றிப் போகாதீர்கள். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டறியப்பட்ட துளைவண்டு, தன்னோடு கொண்டுவரும் பூஞ்சையால் மரத்தைக் கொல்கிறது. அது ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் விறகில்தான். தண்டில் ஊசித்துளைகள் தெரிந்தால் பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக்கால் மூடி வெயிலில் வேகவிடுங்கள்.

கரண்டு போன நேரத்தில் கம்பியோரக் கிளையை வெட்டிவிடலாம் என்று ஏறுவது நம் சனங்களிடம் சகஜமாகிவிட்டது. லோட் ஷெடிங் எனும் மின்வெட்டு எந்த நொடியிலும் முடியலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால் செத்த கம்பியிலும் உயிர் வரும். அலுமினிய ஏணி, இரும்புக் குழாயில் கட்டிய துரட்டி இரண்டும் வேண்டவே வேண்டாம். ஈர மூங்கிலும் கடத்தும். மூன்று மீட்டருக்குள் கம்பி இருந்தால் நீங்கள் வெட்டாதீர்கள், மின்துறையை அழையுங்கள். கம்பி அறுந்து விழுந்திருந்தால் பத்து மீட்டருக்கு மேல் தள்ளி நில்லுங்கள், காருக்குள் இருந்தால் உள்ளேயே இருங்கள்.