கான் வெட்டியது யார்?

கணக்கப்பிள்ளை: அடியில் தண்ணீர் தேங்கி, வெளியேற வழியில்லாமல் அதன் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், மேலே இருப்பது எத்தனை பாரமானதாக இருந்தாலும் வழுக்கத் தொடங்கிவிடும் என்பதை நேற்றிரவுதான் விளங்கிக்கொண்டேன், பெரியவர்.

பெரியவர்: உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும் ஐயா. இதைத்தானே போன மழைக்காலத்திலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! நாளைக்கே நான்கு ஆட்களுக்கு நாட்சம்பளப் பேர் போட்டு அனுப்புங்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் மண் நிறைந்து கிடக்கும் கானை நானே பக்கத்தில் நின்று வெட்ட வைக்கிறேன்.

கணக்கப்பிள்ளை: நான் சொல்வது கிரீன்லாந்தைப் பற்றி.

பெரியவர்: அது எந்தத் தோட்டத்து டிவிசன்?

கணக்கப்பிள்ளை: டிவிசன் அல்ல, வடதுருவத்துக்கு அருகே இருக்கும் பெரிய தீவு. அதன் பெரும்பகுதி பனிக்கட்டியால் மூடப்பட்டிருக்கிறது. சில இடங்களில் அதன் தடிப்பு 3 கிலோமீற்றருக்கும் அதிகம். அந்தப் பனி சும்மா கிடப்பதில்லை, கடலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. கோடையில் மேற்பரப்பில் உருகும் நீர் வெடிப்புகளின் வழியாகவும் செங்குத்தான துளைகளின் வழியாகவும் அடிவரை இறங்கி, பனிக்கும் பாறைக்கும் இடையே புகுந்து, மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. பாறையின் மீது பனி அழுந்துவது குறைவதால் உராய்வும் குறைகிறது, வேகம் கூடுகிறது.

பெரியவர்: மேலே வெடிப்பு, வெடிப்பின் வழியே தண்ணீர், அடியிலே பாறை. என் குசினியின் பின்புறத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தீவுக்குப் போனீர்களா, ஐயா?

கணக்கப்பிள்ளை: நான் எங்கே போனேன்? காணொளியில் பார்த்தேன்.

பெரியவர்: அப்படியானால் என் குசினியையும் காணொளியாக எடுத்து அனுப்பினால் பார்ப்பீர்களா?

(நியாயமான கேள்வி. சுவரில் விழுந்த வெடிப்பைச் சரிசெய்ய வருகிறவர்களைவிட, அதைப் படமெடுத்துச் செல்ல வருகிறவர்களே இலங்கை மலையகத்தில் அதிகம் என்பதை இதை எழுதுகிறவன் கண்ணால் கண்டிருக்கிறான்.)

கணக்கப்பிள்ளை: இடையில் பேசாமல் கேளுங்கள். கோடை இல்லாத காலத்திலும் பனிக்கு அடியில் தண்ணீர் இருக்கக்கூடும். பூமியின் உள்வெப்பமும் நகர்வினால் உண்டாகும் உராய்வு வெப்பமும் அடிப்பனியை உருக்குகின்றன. மேலுள்ள பாரமோ உருகுநிலையைச் சற்றுத் தாழ்த்திவிடுகிறது. அந்தாட்டிக்காவில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் பனிக்கு அடியில் வஸ்தோக் என்ற ஏரியே இருக்கிறது.

பெரியவர்: அத்தனை ஆழத்தில் இருக்கும் தண்ணீரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கணக்கப்பிள்ளை: ரேடார் அலைகளையும் அதிர்வலைகளையும் உள்ளே செலுத்தி.

பெரியவர்: என் வீட்டுச் சுவரின் அடியில் மண்ணிறமாகக் கசியும் தண்ணீரைப் பார்ப்பதற்கு ரேடார் தேவையில்லை ஐயா, குனிந்தால் போதும்.

கணக்கப்பிள்ளை: 2006ஆம் ஆண்டு ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். மேற்குக் கிரீன்லாந்தில் பனியின் மேல் ஓர் ஏரி உருவாகியிருந்தது; அதில் 4 கோடியே 40 இலட்சம் கன மீற்றர் தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீர் 980 மீற்றர் தடிப்பான பனியைப் பிளந்துகொண்டு, பெரும்பகுதியும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடியில் இறங்கிவிட்டது. அந்த இடத்துப் பனி 1.2 மீற்றர் வரை மேலே தூக்கப்பட்டது.

பெரியவர்: பிறகு?

கணக்கப்பிள்ளை: அடுத்த 24 மணி நேரத்தில் பனி தாழ்ந்தது, வேகமும் தணிந்தது.

பெரியவர்: தாழ்ந்ததென்றால் தண்ணீர் அங்கிருந்து போயிருக்கிறது. போயிருக்கிறதென்றால் அடியில் கான் இருந்திருக்கிறது. அந்தக் கானை வெட்டியது யார்?

கணக்கப்பிள்ளை: யாரும் வெட்டவில்லை. தண்ணீரே வெட்டிக்கொள்கிறது. ஓடும் நீரில் பிறக்கும் வெப்பம் சுற்றியுள்ள பனியை உருக்கி வழியை அகலமாக்குகிறது. ரொத்லிஸ்பெர்கர் என்ற சுவிஸ் அறிஞர் 1972இல் இதற்குக் கணக்கே எழுதியிருக்கிறார்.

பெரியவர்: தண்ணீருக்கு முழுப் பேரா, அரைப் பேரா?

கணக்கப்பிள்ளை: சம்பளமே கிடையாது.

பெரியவர்: சம்பளமில்லாமல் கான் வெட்டும் ஆள் ஒன்று அகப்பட்டிருப்பதாகத் தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகளையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்.

கணக்கப்பிள்ளை: விளையாட்டை விடுங்கள். இனித்தான் முக்கியமான பகுதி வருகிறது. குளிர்காலத்தில் உருகுநீர் வருவதில்லை. மேலுள்ள பனி தன் பாரத்தாலேயே மெல்ல நெருங்கி வந்து அந்த வழிகளை மூடிவிடுகிறது. அடுத்த கோடையின் தொடக்கத்தில் திடீரென்று தண்ணீர் இறங்கும்போது வழி சிறுத்துக் கிடப்பதால் அழுத்தம் ஏறிப் பனி விரைகிறது. நாட்கள் செல்லச் செல்லத் தண்ணீர் தன் வழியைப் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே கோடையின் பிற்பகுதியில் அதைவிட அதிகத் தண்ணீர் இறங்கினாலும் பல இடங்களில் பனி மெதுவாகிவிடுகிறது. கோடை உருகலோடு பனியின் வேகமும் கூடுகிறது என்று 2002இல் ஓர் ஆய்வு வெளியானபோது, உருகல் பெருகப் பெருகப் பனி விரைந்துகொண்டே போகும் என்று பலர் அஞ்சினார்கள். விஷயம் அத்தனை நேரானதல்ல; தண்ணீரின் மொத்த அளவைவிட அது திடீர் திடீரென்று ஏறி இறங்குவதுதான் வேகத்தைக் கூட்டுகிறது என்று 2010இல் வந்த ஆய்வு காட்டியது.

பெரியவர்: ஆகவே, எவ்வளவு தண்ணீர் வந்தது என்று மட்டும் கேட்டால் போதாது, வந்தபோது வழி திறந்திருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

கணக்கப்பிள்ளை: மிகச் சரி! இத்தனை விரைவில் விளங்கிக்கொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பெரியவர்: போன வருடம் பத்தாம் நம்பர் மலையில் கரை சரிந்தபோது, "வரலாறு காணாத மழையே காரணம்" என்று அறிக்கை எழுதியது யார், ஐயா?

கணக்கப்பிள்ளை: அது வேறு விஷயம்.

பெரியவர்: கான் வெட்டியது யார்?

கணக்கப்பிள்ளை: கிரீன்லாந்திலா?

பெரியவர்: பத்தாம் நம்பர் மலையில்.

கணக்கப்பிள்ளை: செலவுக் குறைப்பின் காரணமாக அந்த வருடம் கான் வேலை நிறுத்தப்பட்டிருந்தது.

பெரியவர்: அங்கே கானை மூடுவது குளிர்காலம், இங்கே செலவுக் குறைப்பு. அங்கே கோடையாவது வருடம் தவறாமல் வந்து திறந்துவிடுகிறது.

கணக்கப்பிள்ளை: ஆபத்து வந்தால் அறிவிப்பதற்கு முறை இருக்கிறதே, பெரியவர். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும்.

பெரியவர்: அந்த அளவுகளை நான் குறைசொல்லவில்லை, அவற்றைக் கேட்டு நடந்து உயிர் தப்பியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மழைமானி வானத்திலிருந்து விழுவதை மட்டுமே அளக்கிறது, கானில் அடைத்துக் கிடப்பதை அளக்க மண்வெட்டி வேண்டும். 150ஐத் தாண்டியதும் எங்களைப் பாடசாலை மண்டபத்துக்கு அனுப்புகிறீர்கள், வெயில் வந்ததும் அதே லயத்துக்குத் திருப்பி அனுப்புகிறீர்கள். மலைக்குள் இறங்கிய தண்ணீர் வெயிலைக் கண்டவுடன் எழுந்து போய்விடுமா?

கணக்கப்பிள்ளை: நீங்கள் எதைச் சொன்னாலும் லயத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். அலாஸ்காவில் வேரிகேட்டட் என்ற பனியாறு 1982-83இல் திடீரென்று பாயத் தொடங்கி, உச்சத்தில் நாளொன்றுக்கு 50 மீற்றருக்கும் மேல் நகர்ந்தது. அடியில் தண்ணீர் அகப்பட்டுக்கொண்டதுதான் காரணம். 1983 ஜூலையில் அந்தத் தண்ணீர் வெள்ளமாக அடிவாரத்தில் வெளிப்பட்டதும் ஓட்டம் அடங்கிவிட்டது.

பெரியவர்: பனிக்கு அந்தச் சௌகரியம் இருக்கிறது. எத்தனை தூரம் நகர்ந்தாலும் அது பனியாகவே இருக்கும், தண்ணீர் வடிந்ததும் நிற்கும், பல வருடம் கழித்து மறுபடியும் நகரும். மண்ணுக்கு அப்படி இல்லை ஐயா. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் இறங்கியபோது, அது நின்றபின் லயங்கள் எங்கே இருந்தன என்று காட்டுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

கணக்கப்பிள்ளை: ...

பெரியவர்: அங்கே யாருடைய வீடும் பனியின் மேல் இல்லைதானே?

கணக்கப்பிள்ளை: இல்லை.

பெரியவர்: இருந்தும் எத்தனை பேர் அளந்திருக்கிறார்கள்! நல்ல விஷயம்தான். அளக்கட்டும்.

கணக்கப்பிள்ளை: சரி பெரியவர், துரையிடம் பேசிப் பார்க்கிறேன். நான்கு ஆட்களுக்குச் சம்மதிக்க மாட்டார். இரண்டு ஆட்களுக்கு, அதுவும் அரைப் பேர் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

பெரியவர்: அரைப் பேருக்குப் பாதிக் கான்தான் வெட்டப்படும். தண்ணீர் எந்தப் பாதியால் வரும் என்று அந்தக் காணொளியில் சொல்லியிருந்தால், அதையும் கேட்டு வந்து சொல்லிவிடுங்கள்.