எனக்குப் பிடிக்காத எதிர்க்கட்சிக்கும் ஒதுக்கீடு கொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில் எங்கள் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் கடையில் ஒரு சண்டை. சண்டை என்றால் அடிதடி இல்லை, ரொட்டி சானாய் ஆறிப்போகும் அளவுக்கு ஒரு வாக்குவாதம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, எதிர்க்கட்சி எம்.பி.க்களுக்குத் தொகுதி ஒதுக்கீடு, அதாவது தொகுதி வேலைகளுக்கு அரசாங்கம் தரும் பணம், கொடுக்க வேண்டுமா என்பதில் வந்து நின்றது. நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், அவரே இதைப் படிப்பார், மேசையைத் தட்டிக் கேட்டார்: "நம்மள திட்டுறதுக்கு நாமளே காசு குடுக்கணுமாண்ணே? நல்லா இருக்குலா கதை!" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வசனத்தை நான் முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன், அப்போது திட்டுகிற பக்கத்தில் நாங்கள் இருந்தோம், இப்போது ஆட்சியில் இருப்பது நாங்கள் ஓட்டுப் போட்ட கூட்டணி. அங்கே சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே தள்ளிவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் வளர்ந்தது ஜெலுத்தோங்கில், அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. 1978 முதல் 1999 வரை எங்கள் எம்.பி. எதிர்க்கட்சியான ஜ.செ.க.வின் (ஜனநாயக செயல் கட்சி) கர்பால் சிங். லிப்ட் வாரத்தில் பாதி நாள் ஓடாது, அம்மா அரிசி மூட்டையோடு மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறுவார். ஒரு தேர்தல் சமயத்தில் ஆளுங்கட்சிக்கு ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிரித்த முகமாகவே சொன்னார்: "இந்தத் தடவை மாத்திப் போடுங்க, லிப்ட் தானா ஓடும்." மிரட்டல் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார், நல்லது சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர், அதிகம் பேச மாட்டார். மேலே ஏறி வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "லிப்டுக்கு ஓட்டுப் போடணும்னா லிப்ட் ரிப்பேர் பண்றவன நிக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அந்தத் தேர்தலிலும் கர்பால்தான்.

அப்பாவுக்குக் கர்பால் வந்து சாலை போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது. நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு ஒரு ஆள், அதற்குத்தான் அனுப்பினோம் என்பார். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே வைத்தபோது அதில் எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் இருந்தார், கர்பால் இருந்தார், நம்மவர்களில் வி.டேவிட், பி.பட்டு இருந்தார்கள். விசாரணை கிடையாது, இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். அன்றைக்கு எங்கள் தொகுதிக்கு ஒதுக்கீடு மட்டுமா இல்லை, எம்.பி.யே இல்லை.

சரி, இந்த எதிர்க்கட்சி ஆட்கள் நாடாளுமன்றத்துக்குப் போய் என்னதான் செய்தார்கள்? சும்மா கத்தினார்கள் என்றுதானே நண்பர் சொன்னார். ஈப்போ டி.ஆர்.சீனிவாசகத்தின் கதையை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? பி.பி.பி. என்ற சின்னக் கட்சி, 1964 தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே இடம், ஒன்று இவருக்கு, இன்னொன்று அண்ணன் எஸ்.பி.க்கு. அந்த இரண்டு இடத்தை வைத்துக்கொண்டு அவர் கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவையில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். நாடாளுமன்றத்துக்குள் பேசுவதற்கு வழக்குப் போட முடியாது, அந்தப் பாதுகாப்பு உண்டு. தைரியம் இருந்தால் வெளியே வந்து சொல் பார்க்கலாம் என்றார் அமைச்சர். மனிதர் வெளியே வந்து அதையே சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார், பதவியை விட்டுப் போனார். இரண்டு இடம்தான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். இதே பி.பி.பி. பிற்பாடு ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணிக்குள் போய்ச் சேர்ந்தது, அதற்குப் பிறகு அந்தப் பழைய ஈப்போ பலம் அதற்குத் திரும்பவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்க்கட்சி கரைந்து போவது எப்படி என்று பினாங்குக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 1969-ல் எதிர்க்கட்சியாக நின்ற கெராக்கான் இங்கே 24 சட்டமன்ற இடங்களில் 16-ஐப் பிடித்து ஆட்சி அமைத்தது, மூன்று வருஷம் போவதற்குள் ஆளுங்கூட்டணிக்கு உள்ளே போய்விட்டது. 2004-ல் 40 இடங்களில் தேசிய முன்னணிக்கு 38, எதிர்வரிசையில் ஜ.செ.க. ஒன்று, இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஒன்று. 2018-ல் அப்படியே தலைகீழ், நம்ம பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 37, எதிர்வரிசையில் மொத்தமே மூன்று பேர். அந்த இரவு நான் பட்டாசு வெடித்தவன், பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் நாளிதழில் அந்த 37-3-ஐப் பார்த்தபோது, 2004-ல் இதே மாதிரி எண்ணைப் பார்த்து "இது சட்டமன்றமா, சங்கக் கூட்டமா?" என்று திட்டியது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் யார் கேட்பார்கள்?

எதிர்க்கட்சி இல்லாமல் போனால் கெட்ட ஆட்சி வந்துவிடும் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம், அதற்கு 2015-ஐப் பார்த்தால் போதும். அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்.டி.பி.யின் பண விவகாரத்தை, அரசாங்கச் செலவைக் கண்காணிக்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்துக்கொண்டிருந்தது. அப்போது குழுவின் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். ஜூலையில் பிரதமர் நஜிப் அமைச்சரவையை மாற்றினார், துணைப் பிரதமர் முகைதின் வெளியே, பொதுக் கணக்குக் குழுத் தலைவரும் இன்னும் மூன்று உறுப்பினர்களும் அமைச்சர், துணை அமைச்சர் பதவிகளோடு உள்ளே. அந்தப் பதவிக்குப் போனால் குழுவில் இருக்க முடியாது, விசாரணை சில மாதம் அப்படியே நின்றது. யாரையும் மிரட்டவில்லை, யாரையும் பிடிக்கவில்லை, பதவி உயர்வு கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதே மாதத்தில் குழுவில் இருந்த எதிர்க்கட்சி எம்.பி. டோனி புவாவுக்கு வெளிநாடு போகத் தடை. ஆளுங்கட்சிக்காரருக்குப் பதவி, எதிர்க்கட்சிக்காரருக்குப் பூட்டு. இரண்டு பேரில் யாரைத் தலைவராக வைத்திருந்தால் விசாரணை நின்றிருக்காது என்று நீங்களே சொல்லுங்கள்.

2018-க்குப் பிறகு அந்த நாற்காலியை எதிர்க்கட்சிக்குக் கொடுக்கும் வழக்கம் வந்தது. ஜ.செ.க.வின் வோங் கா வோ எதிர்வரிசையில் இருந்துகொண்டு தலைவராக இருந்தபோதுதான், 2022 ஆகஸ்டில், கடற்படைக் கப்பல் அறிக்கை வந்தது. கடற்படைக்கு ஆறு கப்பல், 600 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை. துறைமுகத்து வீட்டில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, அந்தச் செய்தியைப் படித்து எனக்கு வந்த கோபம் தனி. இதில் ஒரு வேடிக்கை, இப்போதைய அரசாங்கம் வந்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த, எதிர்க்கட்சிக் கூட்டணியான பெரிக்காத்தானின் எம்.பி. மாஸ் எர்மியாத்தி, 2015-ல் குழுவிலிருந்து பதவி உயர்ந்து போன அந்த நால்வரில் ஒருவர். அரசியலில் வட்டம் இப்படித்தான் சுற்றும்.

இனி காசுக்கு வருகிறேன், சண்டையே அதில்தானே. ஒதுக்கீடு என்பது எம்.பி.யின் சட்டைப்பைக்குப் போகிற பணம் இல்லை. உடைந்த லோங்காங் (சாக்கடை), மண்டபத்துக் கூரை, பள்ளிக்கு நாற்காலி, மருந்துக்கு வழியில்லாத ஒரு பாட்டி, இதற்கெல்லாம் போகிற பணம். இவருக்குக் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று முடிவு செய்வது அன்றைய அரசாங்கம். நமக்கு அந்தக் காலத்தில் கொடுக்கவில்லை, இப்போது நாமும் கொடுக்கவில்லை, கணக்கு சரியாகிவிட்டது என்கிறார் நண்பர். யாருடைய கணக்கு? என்னுடைய சின்னம்மா எதிர்க்கட்சி வசம் இருக்கும் ஒரு தொகுதியில் இருக்கிறார், ஊர் வேண்டாம். மழை பெய்தால் வீட்டுக்கு முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். அவர் ஓட்டுப் போட்டது நம்ம கட்சிக்கு. அவர் தொகுதியில் நம்ம ஆள் தோற்றார். நம்ம அரசாங்கம் அந்தத் தொகுதிக்குக் காசு கொடுக்கவில்லை. இதில் யாரை யார் பழிவாங்கினார்கள் என்று சின்னம்மாவுக்கு நீங்கள் போய் விளக்குங்கள், எனக்குத் தெரியவில்லை.

2022 தேர்தலில் பெரிக்காத்தானுக்கு 74 இடங்கள், அதில் பாஸ் மட்டும் 43. கெடாவில் 15-ல் 14 அவர்களுக்குப் போனது. அந்தப் பதினாலில் ஒன்றான பாடாங் செராய் எங்கே இருக்கிறது? இங்கிருந்து காரில் கொஞ்ச நேரம். அங்கே எத்தனை தோட்டம், எத்தனை கோயில், எத்தனை தமிழ்ப் பள்ளி என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம், உங்கள் பாதிப் பேருக்கு மாமியார் வீடே அந்தப் பக்கம்தான்.

காசை நிறுத்தினால் எதிர்க்கட்சி பலவீனமாகும், அது நமக்கு நல்லதுதானே என்று ஒரு தம்பி கேட்டான். 2023 கடைசியில் தொடங்கிப் பார்த்தோமே! பெரிக்காத்தானில் உள்ள பெர்சத்து கட்சியின் எம்.பி.க்கள் ஆறு பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரதமர் அன்வாருக்கு ஆதரவு என்று அறிவித்தார்கள். சொன்ன காரணம் தொகுதி மக்கள், தொகுதிக்கு ஒதுக்கீடு. கட்சியை விட்டுப் போகவில்லை, அதனால் கட்சித் தாவல் தடைச் சட்டம் அவர்களைத் தொடவில்லை, நாற்காலி காலி இல்லை என்று சபாநாயகரும் சொல்லிவிட்டார். அந்தச் சட்டம் எப்படி வந்தது? 2020-ல் எம்.பி.க்கள் பக்கம் மாறிய ஷெரட்டன் கூத்தில் நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சி இரண்டு வருஷத்திலேயே கவிழ்ந்தபோது தெருவில் நின்று அழாத குறையாகப் பேசினோம். அதன் பிறகு 2021 செப்டம்பரில் எதிர்க்கட்சியாக இருந்த நம்ம கூட்டணி பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசாங்கத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது, அந்த ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கியதில் ஒன்றுதான் இது. 2022 ஜூலையில் 209 பேர் ஆதரித்து நிறைவேறியது. எதிர்க்கட்சியாக இருந்துகொண்டு செய்த உருப்படியான வேலை என்றால் நான் அதைத்தான் சொல்வேன், பல செராமா மேடைப் பேச்சுகளை விட. அந்தச் சட்டத்தின் வாசல் கதவை நாமே கஷ்டப்பட்டு மாட்டிவிட்டு, பின்பக்கம் ஒதுக்கீடு என்ற சன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

எதிர்த்தரப்பும் சுத்தம் இல்லை. 2024-ல் ஒதுக்கீட்டுக்கு ஒரு வரைவு ஒப்பந்தத்தை அரசாங்கம் அனுப்பியது, நிபந்தனைகள் சரியில்லை என்று பெரிக்காத்தான் மறுத்தது. நிபந்தனை போட்டது தப்பு என்பது என் வாதம். ஆனால் உட்கார்ந்து பேசி, இந்த வரியை எடு, அந்த வரியை மாற்று என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், 2021-ல் அதைத்தானே நாங்கள் செய்தோம். அவர்கள் அவையில் கேட்கிற கேள்விகளில் பாதி எனக்கு எரிச்சல் மூட்டும். ஒருவர் எழுந்து விலைவாசியைப் பற்றிக் கேட்டால் இன்னொருவர் எழுந்து யார் என்ன உடுத்த வேண்டும் என்று தொடங்குவார். ஒரு நிழல் அமைச்சரவை வைத்து, இந்தத் துறைக்கு இவர் பொறுப்பு, எங்கள் மாற்று வரவுசெலவு இது என்று வந்து நின்றால் எனக்கே பயமாக இருக்கும். அந்தப் பயம் எங்களுக்கு வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பிரிட்டனில் 1937-லேயே எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளம் என்று சட்டம் எழுதிவிட்டார்கள், அரசாங்கத்தை எதிர்ப்பதற்கு அரசாங்கமே சம்பளம். நண்பர் கேட்டால் இன்னொரு முறை மேசையைத் தட்டுவார்.

நம்ம ஆட்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நமக்கு ஒய்.பி. (எம்.பி.யை, சட்டமன்ற உறுப்பினரை அப்படித்தான் அழைப்போம்) என்றால் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும், தீபாவளிக்குப் பை கொடுக்க வேண்டும், கோயில் திருவிழாவில் மாலை வாங்கிக்கொண்டு பெரிய அட்டையில் காசோலை பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் அவையில் வருஷம் முழுக்க எத்தனை கேள்வி கேட்டார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் "அதெல்லாம் எதுக்குண்ணே, கூப்பிட்டா வராரு" என்பார்கள். இந்தப் பழக்கம் இருக்கும்வரை காசுக் குழாயைப் பிடித்திருக்கிறவர்தான் நமக்கு நல்லவர், குழாய் கை மாறினால் நாமும் மாறுவோம். 2007 நவம்பர் 25 கோலாலம்பூரில், இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் பேரணியில், கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்றவர்களில் பலர் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அடுத்த மார்ச்சில் எதிர்க்கட்சி 82 இடம் பிடித்து, தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பலத்தை இழந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களில் ஒருவர்தான் ஞாயிற்றுக்கிழமை மேசையைத் தட்டினார் என்று சொன்னால் நம்புவீர்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 222 தொகுதிக்கும் ஒரே கணக்கில் ஒதுக்கீடு என்று சட்டமாக எழுதுங்கள், பிரதமர் யாராக இருந்தாலும் கை வைக்க முடியாதபடி. ஒப்பந்தம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ஆதரவு அறிக்கை வேண்டாம். பொதுக் கணக்குக் குழுத் தலைமை எதிர்க்கட்சிக்கு என்பதையும் வழக்கமாக விடாமல் அவை விதியில் எழுதிவிடுங்கள். அடுத்த தேர்தலில் நாம் தோற்றால் (தோற்க மாட்டோம் என்று யார் சொன்னது?) அந்தச் சட்டம் நமக்குத்தான் முதலில் உதவும்.

இதையே மலாயில் ஒரு பக்கக் கடிதமாக எழுதி என் தொகுதி எம்.பி.க்கு அனுப்பியிருக்கிறேன், அவர் ஆளுங்கட்சி. சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொண்ட பெண், "என்ன விஷயம் அங்கிள், லோங்காங்கா?" என்று கேட்டாள். "இல்லைம்மா, எங்க லோங்காங் நல்லாத்தான் ஓடுது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.