மே மாதத்தில் நாம் பகிராத கவிதைகள்

2009 மே மாதத்தில்தான் ஈழப் போர் முடிந்தது. அதனால் மே வந்தால் அந்தப் போர் பற்றிய கவிதைகள் முகநூலில் நிறைய வரும். பெரும்பாலும் வீரம் அல்லது கண்ணீர். அதைக் குறை சொல்ல மாட்டேன், இழந்தவர்கள் அழத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் போரைப் பற்றி என்னை யோசிக்க வைத்த கவிதைகள் அந்த மாதத்தில் அதிகம் கண்ணில் படுவதில்லை.

எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை எடுத்துக்கொள்வோம். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. நுஃமான் கிழக்கே கல்முனைப் பக்கத்து முஸ்லிம். அவர் கவிதையில் ஒரு கனவு வருகிறது. நூலகப் படிக்கட்டருகே புத்தர் சுடப்பட்டுக் கிடக்கிறார். சுட்டவர்கள் சாதாரண உடையில் வந்த அரச காவலர்கள். இருட்டில் வந்த அமைச்சர்கள், பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று கேட்கிறார்கள். இவரைச் சுடாமல் ஓர் ஈயைக்கூடச் சுட முடியவில்லை என்று பதில் வருகிறது. பிறகு புத்தகங்களால் உடலை மூடிக் கொளுத்துகிறார்கள். புத்தரின் போதனை நூலான தம்மபதமும் சேர்ந்து எரிகிறது.

அந்த நாட்களில் இரண்டு அமைச்சர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தது வரலாறு. ஆனால் கொன்றவனை அவன் கும்பிடும் தெய்வத்தின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பது கவிதையால்தான் முடிந்தது. வெறுப்பில்லாமல் இவ்வளவு கடுமையாகக் குற்றம் சாட்ட முடியும் என்று இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சிவரமணி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. போர்க்கால இரவுகள் குழந்தைகளைப் பெரியவர்களாக்கிவிடுவதைப் பற்றி எழுதினார். நேரத்தோடு படலையை (வேலிக் கதவை) சாத்தவும், நாய் குரைப்பதில் வித்தியாசம் கண்டுபிடிக்கவும், கேள்வி கேட்காமல் இருக்கவும் பழகிவிட்ட பிள்ளைகள். தடியைத் துப்பாக்கியாக்கி நண்பனையே எதிரியாக நினைத்துக் கொல்வது அவர்களுக்கு விளையாட்டு. எந்தத் தரப்பின் வரலாற்று நூலும் இந்த நாயின் குரைப்புக்கு இடம் கொடுக்காது. 1991 மே மாதத்தில் தன் கவிதைகளை எரித்துவிட்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்ற கவிஞர் செல்வி திரும்பி வரவே இல்லை.

நுஃமானைப் பகிர்கிற நாம் இந்த இருவரையும் சேர்த்துப் பகிரத் தயங்குகிறோம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. நமக்கு வசதியான பக்கத்தை மட்டும் படித்தால் அதற்குக் கவிதை எதற்கு, சுவரொட்டியே போதுமே.

கவிதை நீதியைக் கொண்டுவராது என்பதும் சரிதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் ஆண்டுக்கணக்கில் தெருவோரம் உட்கார்ந்து கேட்பது விசாரணையை. அதற்கு ஈடாக எந்த வரியையும் நீட்ட முடியாது.

ஒரு வேண்டுகோள். கவிதையைப் பகிரும்போது எழுதிய ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். 'மரணத்துள் வாழ்வோம்' என்ற ஈழக் கவிதைத் தொகுப்பு 1985இல் வந்தது. அதில் எழுதியவர்களுக்கு 1987இல் இந்தியப் படை வரப்போவது தெரியாது, 1990இல் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றப்போவது தெரியாது, 2009இன் முடிவு தெரியாது. முடிவு தெரிந்த நாம் அதைத் தெரியாதவர்களின் பயத்தோடும் நம்பிக்கையோடும் படித்துப் பார்க்க வேண்டும். ஈழத்து நூல்கள் பல 'நூலகம்' இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.